கரைக்கும் படகுக்கும் நடுவே

பிழைப்பை நாடி அயல் மாநிலம் சென்ற நம்மவர், அவ்வூர் மொழியைக் கற்பதற்கு முன்பே அவ்வூர் வண்டிகளின் நேரத்தைக் கற்றுக்கொள்ளுகின்றனர். மும்பைக்குச் சென்றவர் மின்சார ரெயிலையும், கொல்கத்தாவுக்குச் சென்றவர் ஒரு காலத்தில் டிராமையும், கொச்சிக்குச் சென்றவர் படகையும் இவ்வாறு கற்றனர். எந்த வண்டி எப்பொழுது வரும், எதில் மூட்டையோடு ஏறவிடுவார்கள், எதில் முதியோருக்கு இடம் கிடைக்கும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்னும் இவை தெரிந்த பின்னரே ஓர் ஊர் நமக்குச் சொந்தமாகத் தொடங்குகிறது. ஆதலின் புதியதொரு வண்டி ஊருக்குள் வரும்போது நாம் மகிழ்வதோடு சற்றுக் கவலையும் கொள்ளுகிறோம். கற்ற பாடத்தையெல்லாம் மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டும் அல்லவா?

கொச்சி நகரின் தென்மேற்கு ஓரத்தில், காயல் சூழ்ந்த கும்பளங்கி என்னும் தீவுக் கிராமம் ஒன்று உண்டு. சீன வலைகளும், உப்பு நீரைத் தாங்கி வளரும் பொக்காளி நெல்லும், இறால் பிடிப்பும் அதன் வாழ்வு. 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த மலையாளத் திரைப்படமொன்று அதன் பெயரைத் தமிழரும் அறியச் செய்தது. தீவு என்றோமாயினும் இன்று அதற்குப் பாலங்கள் உண்டு. பெரும்படப்புப் பாலத்தைக் கடந்து, பள்ளுருத்தி வழியாகத் தோப்பும்படி சேர்ந்து, அங்கிருந்து வடக்கே திரும்பினால் மட்டாஞ்சேரி; கிழக்கே பாலங்களைக் கடந்தால் எர்ணாகுளம். கிழக்குக் கரையில் நின்று காயலைப் பார்த்தாலோ அக்கரையில் அரூர் தெரிகிறது. அங்கே தேசிய நெடுஞ்சாலையும் ரெயில் பாதையும் ஓடுகின்றன. கண்ணுக்கு எட்டிய ரெயில், காலுக்கு எட்டுவதற்கு ஒரு காயலைக் கடக்க வேண்டும். கும்பளங்கியார் நிலை மட்டுமன்று இது. கொச்சியின் மேற்குக் கரை முழுவதற்கும் நூறாண்டுக்கு மேலாக நேர்ந்த நிலை இதுதான்.

அந்த வரலாற்றை ரெயில் வந்த நாளிலிருந்து தொடங்கலாம். ஷோரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902-இல் ரெயில் ஓடத் தொடங்கியது. கொச்சி சமஸ்தானத்தின் மன்னர் ராமவர்மா, இப்பாதைக்குப் பணம் திரட்டுவதற்காகத் திருப்பூணித்துறைக் கோயிலின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று அந்நாட்டார் இன்றும் பெருமையோடு கூறுவர். யானையின் நெற்றியில் மின்னிய தங்கம் இருப்புப்பாதையாக மாறியது என்பது கேட்க இனிய செய்தியே. ஆயினும் அப்பாதை காயலின் கிழக்குக் கரையோடு நின்றுவிட்டது. மிளகும் இஞ்சியும் தேங்காயெண்ணெயும் வாணிகம் செய்த மட்டாஞ்சேரியோ மேற்குக் கரையில் இருந்தது. ரெயிலை விட்டு இறங்கிய வணிகன், மூட்டை முடிச்சுகளோடு வள்ளத்தில் ஏறினான். வள்ளக்காரன் கைகொடுத்தால் ஏறலாம். நீர் இறங்கியிருக்கும் நேரமானால் படித்துறையிலிருந்து வழுக்கிக்கொண்டே இறங்க வேண்டும். நோயாளியையும் முதியவரையும் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

கொச்சி நாட்டுக்கு அக்காலத்திலேயே இலகு ரெயில் ஒன்றும் இருந்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம். சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காடுகள் வரையில் ஏறத்தாழ ஐம்பது மைல் தொலைவுக்குச் சென்ற காட்டு டிராம் பாதை அது. 1907-ஆம் ஆண்டு முதல் 1963 வரையில் அது இயங்கியது. ஜெர்மனியிலிருந்து வந்த சிறு எஞ்சின்கள் இழுக்க, செங்குத்தான சரிவுகளில் இரும்புக் கயிற்றின் துணையோடு, தேக்கும் ஈட்டியும் மலையிலிருந்து இறங்கிக் கொச்சித் துறைக்கு வந்து சேர்ந்தன. அவ்வண்டியின் முதன்மையான பிரயாணி மரக்கட்டை. மரக்கட்டை தாமதத்தைப் பற்றிப் புகார் சொல்லுவதில்லை. படி உயரமாக இருக்கிறதென்று முறையிடுவதும் இல்லை. வண்டி நடத்துவோருக்கு அதைவிட நல்ல பிரயாணி கிடைப்பது அரிது!

மனிதப் பிரயாணிகளின் பொருட்டுக் காயலுக்குக் குறுக்கே வழி பிறந்தது துறைமுகத்தினால். 1920-இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், கடல்வாயை அடைத்துக் கிடந்த மணல்திட்டை வெட்டி ஆழமாக்கினார். 1928-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைக்குள் வந்தது. தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. கிழக்கே எர்ணாகுளத்தோடும் மேற்கே தோப்பும்படியோடும் அத்தீவைப் பாலங்கள் இணைத்தன. மேற்குப் பாலத்தின் நடுப்பகுதி, படகுகளுக்கு வழிவிட்டு மேலே தூக்கக்கூடியதாக அமைக்கப்பட்டிருந்தது. தீவின் முனையில் துறைமுக ரெயில் நிலையமும், வழியில் மட்டாஞ்சேரி என்னும் பெயர் தாங்கிய சிறு நிறுத்தமும் எழுந்தன. பெயரளவிலாவது ரெயில் மட்டாஞ்சேரியைத் தொட்டது. இந்நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் துறைமுக நிலையத்தில் பிரயாணி வண்டிகள் நின்றுபோயின. தண்டவாளம் மட்டும் கிடந்தது.

அப்பாதையின் அருகே வாத்துருத்தி என்னும் குடியிருப்பு இருக்கிறது. துறைமுகத்தையும் கூலி வேலையையும் நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழுமிடம் அது. ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னுமிடத்தில் வண்ணார் துறை ஒன்றும் உண்டு. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணிகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு இன்றும் துணி வெளுக்கின்றனர். இவர்களுக்கெல்லாம் எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியும், ஹோட்டல்களும், வீடுகளும் அக்கரையில் இருக்கின்றன. காயலைக் கடக்கும் செலவு அவர்கள் கூலியிலிருந்தே போக வேண்டும்.

இவ்விடத்தில் நமது சென்னையைச் சிறிது நினைவுகூர்வது பொருந்தும். 1895-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது, இந்தியாவில் வேறெங்கும் அத்தகைய வண்டி இல்லை. முதலில் மின்சாரம் தெருவின் அடியிலிருந்த கால்வாய் வழியாகச் செலுத்தப்பட்டது. சென்னையின் ஐப்பசி மழைக்கு அந்த ஏற்பாடு தாங்கவில்லை. மேலே கம்பி கட்டி மாற்றினார்கள். 1921-ஐ ஒட்டிய காலத்தில் 97 வண்டிகள் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் பாதையில் ஓடின. குமாஸ்தாவும் மாணவனும் காய்கறிக்காரியும் அதை நம்பியே காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டனர். நடத்திய கம்பெனி நொடித்துப்போகவே, 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் நள்ளிரவோடு டிராம் நின்றது. ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஓடிய வண்டி மறுநாள் காலையில் இல்லை. வண்டி ஐந்து நிமிஷம் பிந்துவதைப் பற்றியே நாம் பெரும்பாலும் குறைகூறுகிறோம். ஒரு வண்டி அடுத்த ஆண்டும் இருக்குமா என்னும் ஐயம் அதைவிடப் பெரிது. அதை நம்பி வீடு பிடித்தவருக்கும் வேலை தேடிக்கொண்டவருக்கும் அது வாழ்க்கைப் பிரச்சினை.

கொச்சியில் 2017-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் மெட்ரோ ரெயில் திறக்கப்பட்டது. ஆலுவாயிலிருந்து பாலாரிவட்டம் வரை முதற்பகுதி. பின்னர் மகாராஜா கல்லூரி, தைக்கூடம், பேட்டை என நீண்டு, 2024 மார்ச்சில் திருப்பூணித்துறையை எட்டியது. நெற்றிப்பட்டம் விற்ற ஊருக்கே மீண்டும் ஒரு ரெயில் போய்ச் சேர்ந்தது என்று சொல்லலாம். மூன்று பெட்டிகள் கொண்ட சிறு வண்டிகள் அவை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் கட்டப்பட்டு, நமது நாட்டு நதிகளின் பெயர்களைச் சூட்டிக்கொண்டு வந்தன. மேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டம். சக்கர நாற்காலிக்கு இடம். கண் தெரியாதவர் கோலாலும் காலாலும் உணர்ந்து நடக்கத்தக்க மேடு வைத்த தரைக்கற்கள். மாடி ஏற மின்தூக்கி. 1995-இலும் பின்னர் 2016-இலும் மாற்றுத் திறனாளிகளின் உரிமைக்காக நாட்டில் சட்டங்கள் இயற்றப்பட்டிருந்தன. அவை காகிதத்தில் சொன்னதை இங்கே சிமெண்டிலும் எஃகிலும் காண முடிந்தது. இது சிறிய காரியமன்று.

நம்பகம் எப்படி? 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் முட்டத்திலுள்ள பணிமனையில் நீர் புகுந்தபோது மெட்ரோ நின்றது. நெடும்பாசேரி விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்த அந்த வெள்ளத்தில், மெட்ரோ விரைவிலேயே எழுந்து ஓடியது. மக்கள் அதை மறக்கவில்லை. 2022-இன் தொடக்கத்தில் பத்தடிப்பாலம் அருகே 347-ஆம் எண் தூண் சற்றுச் சாய்ந்திருப்பது தெரியவந்தது. அடித்தளத்தை வலுப்படுத்தும் வேலை முடியும்வரை வண்டிகள் அவ்விடத்தில் வேகம் குறைத்து, இடைவெளி நீட்டி ஓடின. அதையும் மக்கள் மறக்கவில்லை. ஒரு தூண் சாய்ந்தது என்பது பொறியாளருக்கு ஒரு கணக்கு. அதன் மேல் தினமும் இருமுறை போகிறவருக்கு அது இரவில் நினைவுக்கு வரும் செய்தி. குறையை மறைக்காமல் சொல்லி, வேகத்தைக் குறைத்துத் திருத்தியது சரியான செயலென்றே நாம் கருதுகிறோம். காத்திருந்தவரின் அரை மணி நேரமும் கணக்கில் சேர வேண்டியதே.

ஆனால் இந்த ரெயில் மேற்குக் கரைக்கு வரவில்லை. மட்டாஞ்சேரிக்கும் கும்பளங்கிக்கும் தூண்கள் எழவில்லை. அடுத்த கிளையும் காக்கநாட்டை நோக்கிக் கிழக்கேதான் போகிறது. மேற்குக்கும் தீவுகளுக்கும் கிடைத்த விடை, நீர் மெட்ரோ.

இந்த ஏற்பாட்டைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 25-ஆம் நாள் இது தொடங்கி வைக்கப்பட்டது. பத்துத் தீவுகளையும் 38 துறைகளையும் 78 படகுகளால் இணைப்பது திட்டம். ஜெர்மானிய வளர்ச்சி வங்கியின் கடன் இதற்குக் கிடைத்தது. படகுகளைக் கட்டும் வேலை கொச்சிக் கப்பல் தளத்துக்கே வாய்த்தது. பெயருக்கேற்ப, ரெயிலின் இலக்கணத்தை அப்படியே நீருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். குளிரூட்டிய அறை, நிலையத்தில் தானே திறக்கும் வாயில், ரெயிலுக்கும் படகுக்கும் செல்லும் ஒரே அட்டை, நூறு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற கண்டிப்பு. மின்கலத்தால் ஓடும் படகு, துறையில் நிற்கும் சில நிமிஷங்களிலேயே மின்சாரம் ஏற்றிக்கொள்ளுகிறது. அவசரத்துக்கு டீசல் எஞ்சினும் உண்டு.

இவற்றுள் நாம் மிகவும் மெச்சுவது மிதக்கும் மேடையை. கொச்சிக் காயலில் நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். கல்லால் கட்டிய பழைய படித்துறைக்கு அந்த ஒரு மீட்டரே பெரும் பகை. நீர் உயர்ந்தால் படகின் விளிம்பு மேலே, தாழ்ந்தால் கீழே. இரண்டு வேளையிலும் கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு வெற்றிடம், கீழே கறுத்த நீர். நல்ல காலுடையவன் தாண்டிவிடுவான். ஊன்றுகோலுடையவரும், கைக்குழந்தையோடு வருபவளும், முழங்கால் வலிக்கும் பாட்டியும் அங்கேதான் தயங்கி நின்றனர். மிதக்கும் மேடையோ நீரோடு தானும் ஏறித் தானும் இறங்குகிறது. நிலையத்தையும் மேடையையும் இணைக்கும் பாலம் கீலின் மேல் அசைந்து கொடுக்கிறது. படகின் தளம் எப்பொழுதும் மேடையின் மட்டத்திலேயே நிற்கிறது. சக்கர நாற்காலி எவர் கையையும் எதிர்பாராமல் உள்ளே உருண்டு செல்லுகிறது. நூறாண்டுக் காலம் வள்ளக்காரன் கையை நம்பியிருந்த முதியவருக்கு இது விடுதலை என்றே சொல்லலாம்.

ஏறும் இடத்தின் குறை தீர்ந்தது. ஏறுவதற்குப் படகு வர வேண்டுமே! 78 படகுகள் என்ற கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட 2025-ஆம் ஆண்டில் நீரில் இறங்கியிருக்கவில்லை. இருந்த படகுகளிலும் ஃபோர்ட் கொச்சிப் பாதையில் விடுமுறை நாட்களில் சுற்றுலாப் பிரயாணிகள் நிறைந்தனர். நூறு பேர் என்ற கண்டிப்பு உயிருக்குக் காவல். 2002-இல் குமரகத்திலும் 2015-இல் ஃபோர்ட் கொச்சியிலும் படகு விபத்துக்களில் மக்களை இழந்த கேரளம் அக்கண்டிப்பின் விலையை அறியும். ஆயினும் நூற்று ஓராவது ஆளாக நிற்பவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால், அடுத்த படகு வரும்வரை அவர் கூலி குறைகிறது. காட்சி பார்க்க வந்தவருக்குக் காத்திருப்பதும் ஒரு காட்சியே. இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது சமத்துவமாகத் தோன்றலாம். நமக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை.

கட்டணமும் அப்படியே. 2024 ஏப்ரலில் ஃபோர்ட் கொச்சிக்கு நீர் மெட்ரோ தொடங்கியபோது, உயர்நீதிமன்றத் துறையிலிருந்து ஒருவருக்கு 40 ரூபாய். மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் பழைய படகில் எர்ணாகுளத்திலிருந்து அதே கரைக்கு 6 ரூபாய். அடிக்கடி செல்வோருக்குச் சலுகைச் சீட்டு உண்டு என்பது உண்மைதான். எனினும் வெளுத்த துணி மூட்டையோடு போகிறவரும், ஒருநாள் வேலை கிடைத்து மறுநாள் கிடைக்காதவரும் மாதச் சீட்டுக்கு முன்பணம் எங்கிருந்து கொண்டுவருவர்? அவர்களுக்கு விசிறியில்லாத, சத்தமிடும், ஏறுவதற்குக் கடினமான அந்தப் பழைய படகே துணை. ஆகவே புதிய படகைப் பாராட்டும் வேளையில் பழைய படகு நிற்காமல் இருக்க வேண்டுமென்று விரும்புவோரைப் பிற்போக்காளர் என்று சொல்லுவது தவறு. 1968 முதல் அத்துறை தீவு மக்களைச் சுமந்து வந்திருக்கிறது. 2017-இல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே சூரிய ஒளியால் ஓடும் ‘ஆதித்யா’ என்னும் படகை இந்தியாவிலேயே முதன்முதலாக விட்டதும் அதே துறைதான். பழைய துறைக்கும் புதிய காரியம் செய்யத் தெரியும்.

பழைய படகு நின்றால் என்ன நேரும் என்பதை மட்டாஞ்சேரியார் அனுபவத்தில் கண்டனர். அங்கிருந்த படகுத்துறையில் சேறு படிந்து, படகு அணுக முடியாமற்போய், எர்ணாகுளத்துக்கான படகு பல ஆண்டுகள் நின்று கிடந்தது. அதே காலத்தில் பக்கத்தில் நீர் மெட்ரோவின் நிலையமும் கட்டி முடியாமல் கிடந்தது. பழையது போய்விட்டது, புதியது வரவில்லை. அரண்மனையையும் யூதர் தெருவையும் காண உலகம் வந்து போகும் ஊரிலிருந்து, எதிரே கண்ணுக்குத் தெரியும் எர்ணாகுளத்துக்குச் செல்ல, மக்கள் பஸ்ஸில் தோப்பும்படி சுற்றிப் பாலங்களின் நெரிசலில் நின்றனர். மனுக்கள் எழுதினர், போராட்டங்களும் நடத்தினர். 2025 அக்டோபர் 11-ஆம் நாள் மட்டாஞ்சேரி நிலையமும் வில்லிங்டன் தீவு நிலையமும் திறக்கப்பட்டன. நீர் மெட்ரோ தொடங்கி இரண்டரை ஆண்டுகள் கழித்து!

பாலத்தை நம்பலாமே என்று சிலர் சொல்லுவர். வைப்பின் தீவார் அவ்வாறே நம்பினர். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் திறந்தபின் அவர்கள் பெரிதும் பஸ்ஸுக்கு மாறினர். ஆயினும் வைப்பினிலிருந்து எதிர்க்கரையிலுள்ள ஃபோர்ட் கொச்சிக்குப் போகப் பாலம் இல்லை, நீர்தான் வழி. 2018-இல் வாகனங்களையும் ஏற்றும் ‘சேதுசாகர்’ என்னும் இரு கலங்கள் அங்கே விடப்பட்டன. திறப்பு விழா முடிந்த சில நாட்களுக்குள்ளேயே உரிமச் சிக்கலால் சேவை நின்று பின்னரே மீண்டும் ஓடியது. இரண்டில் ஒன்று பழுதுபார்க்கச் சென்றால் மற்றொன்று மட்டும் ஓடும். வரிசை தெருவரை நீளும். மாற்றுக்கு மூன்றாவது கலம் வேண்டுமென்று இரு கரையினரும் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வந்தனர். வண்டியின் நேரப்பட்டியலை மாற்று வண்டியே காப்பாற்றுகிறது என்பதை எந்தப் பஸ் டிப்போ மேஸ்திரியும் சொல்லுவார்.

மீண்டும் கும்பளங்கிக்கு வருவோம். 2025-ஆம் ஆண்டு முடியும்வரை நீர் மெட்ரோப் படகு அக்கிராமத்தின் கரையைத் தொடவில்லை. மட்டாஞ்சேரியில் புதிய நிலையம் திறந்ததால் அவ்வூராருக்கு ஒரு வழி கூடியிருக்கிறது. ஆனால் அந்நிலையத்துக்கு வந்து சேரவே பெரும்படப்புப் பாலம், பள்ளுருத்தி, தோப்பும்படி என்று அதே சாலையில் பஸ் ஏறிவர வேண்டும். பஸ்ஸின் படி உயரம். ஊன்றுகோலோடு வருபவர் அந்தப் படியில் ஏறிவிட்டாரானால், பின்னர் மிதக்கும் மேடையில் எளிதாகப் படகுக்குள் செல்லலாம். ஏற முடியாதவருக்கு அம்மேடை எட்டாத தொலைவிலேயே இருக்கிறது. பஸ் எத்தனை மணிக்கு, அது சேரும் நேரத்துக்குப் படகு இருக்கிறதா, மாலையில் கடைசிப் படகை விட்டு இறங்கினால் கும்பளங்கிக்கு பஸ் உண்டா என்ற கேள்விகளை மக்கள் கேட்கின்றனர். வாத்துருத்தியிலுள்ள நம்மவரும், இப்பொழுது வில்லிங்டன் தீவில் நிலையம் வந்திருப்பதால், அதே கேள்விகளைத் தமிழில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாலையில் நீர் ஏறுகிறது. மட்டாஞ்சேரியில் மேடை அதோடு உயர்கிறது. கும்பளங்கியின் கல் படித்துறைகளில் இரண்டு படிகள் நீருக்குள் மறைகின்றன.